அரை நாள் படிப்பு யாருக்கு?

திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. "அந்தக் காலத்து வாத்தியார் பிரம்பை எடுத்தால் போதும், எண்சுவடி முழுதும் தலைகீழ்ப் பாடமாக வரும், இன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு சொல்லத் தெரியவில்லை" என்று டீக்கடையிலும் சொல்கிறார்கள், டெலிவிஷனிலும் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. "மனப்பாடம் ஒழிய வேண்டும், பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்க வேண்டும், கைத்தொழில் பழக வேண்டும்" என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கத்திலும் படித்தவர்கள் இருக்கிறார்கள்; இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

ஆலையிலும் தோட்டத்திலும் உழைத்துப் பிழைக்கிற நாம் இதில் எந்தப் பக்கம்? பக்கம் சேருமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவன் யார்? தெருவில் நின்றவன் யார்? பிள்ளை பள்ளியில் இருக்கப்போவது ஒரு முழு நாளா, அரை நாளா? மீதி அரை நாளில் அவன் யாருக்கு வேலை செய்யப்போகிறான்?

இந்தக் கேள்விகளுக்குக் கோவை ஜில்லாவே பதில் வைத்திருக்கிறது.

1822-ம் வருஷம் சென்னை ராஜதானி கவர்னர் தாமஸ் மன்றோ, எல்லா ஜில்லாக்களிலும் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். அன்று கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன். ஊட்டியை உண்டாக்கியவர் என்று நாம் கேள்விப்படும் அதே துரைதான். ஈரோடு, கரூர், தாராபுரம், கொள்ளேகாலம் எல்லாம் சேர்ந்த பழைய கோவை ஜில்லா அது. 763 பள்ளிகள், 8,206 பிள்ளைகள் என்று கணக்கு வந்தது. அந்த 8,206-ல் பிராமணப் பிள்ளைகள் 918, வைசியர் 289, சூத்திரர் என்று துரைமார் எழுதிக்கொண்ட வகுப்பார் 6,379, முஸ்லிம்கள் 312. "மற்ற எல்லா ஜாதியும்" என்ற கட்டத்தில் 226. இவை எல்லாம் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் சேர்த்து 82.

காந்தி 1931-ல் லண்டனில் பேசும்போது, இந்தியாவின் பழைய கல்வியை வெள்ளைக்காரன் வேரோடு பிடுங்கினான் என்று குற்றம் சாட்டினார். அதற்குச் சாட்சியாகத் தரம்பால் என்ற அறிஞர் 1983-ல் இந்தக் கணக்குகளையெல்லாம் தொகுத்து அச்சிட்டார். வெள்ளைக்காரன் இங்கே பள்ளிக்கூடங்களை வளர்க்க வந்தவன் அல்ல. அதில் நமக்குச் சந்தேகம் கிடையாது. திண்ணைப் பள்ளி பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது என்று சிலர் மேடையில் முழங்குவதும் பிசகு. கோவைக் கணக்கே அதை மறுக்கிறது. குடியானவர் வீட்டுப் பிள்ளையும் செட்டியார் வீட்டுப் பிள்ளையும் திண்ணையில் இருந்தார்கள். ஆனால் அதே கணக்கை ஒரு பண்ணையத்தாள் படிக்கட்டும். அருந்ததியர் வளவிலும் சேரியிலும் இருந்த பிள்ளைகளைத் தேட வேண்டுமானால், அந்த "மற்ற எல்லா ஜாதியும்" என்ற 226-க்குள்தான் தேட வேண்டும், அதுவும் இன்னும் பல ஜாதிகளோடு பங்கு போட்டுக்கொண்டு. பெண் பிள்ளையோ நூற்றுக்கு ஒன்று.

திண்ணையில் என்ன நடந்தது? பொழுது விடியுமுன் பிள்ளைகள் வந்துவிட வேண்டும். முதலில் மணலில் விரலால் எழுத்து. கை திருந்தியபின் பனையோலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி எல்லாம் நெட்டுருப் போட வேண்டும். சாயங்காலம் வரிசையாக நின்று முறைசொல்ல வேண்டும். மூத்த பையன் ஒருவன் சட்டாம்பிள்ளை; வாத்தியார் இல்லாதபோது அவன் வைத்ததே சட்டம். தப்பு செய்தவனுக்குக் கோதண்டம்: உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதையில் இந்தத் தண்டனைகளையெல்லாம் எழுதியிருக்கிறார். வாத்தியாருக்குச் சர்க்கார் சம்பளம் இல்லை. வீட்டுக்கு வீடு தானியம், அமாவாசை பௌர்ணமிக்கு வாவுக்காசு, நவராத்திரிக்குப் பிள்ளைகள் பாடிப் போய்ச் சேர்த்த சில்லறை. அவரும் அரைவயிற்றுக்காரர்தான். அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை.

எண்சுவடியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. காணி என்றால் 80-ல் ஒரு பங்கு. மா என்றால் 20-ல் ஒரு பங்கு. பத்து வயசுப் பையன் 320-ல் ஒரு பங்கை மனசுக்குள் பெருக்கிக் கழிப்பான். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நுட்பமான பின்னம் எதற்குப் பயன்பட்டது? நிலத்தின் தீர்வைக்கு, தானிய வட்டிக்கு, மகசூல் பங்குக்கு. கணக்குத் தெரிந்தவன் களத்துமேட்டில் வள்ளத்தைக் கையில் எடுத்தான். கணக்குத் தெரியாதவன் மூட்டை சுமந்தான். அளந்து போட்டதை முந்தானையில் வாங்கிக்கொண்டு போனவளுக்கு, அளவு சரியா என்று கேட்க வார்த்தை இருந்ததா? முந்திரியும் காணியும் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளுக்குச் சொல்லித்தராமல் இருந்ததில் லாபம் அடைந்தவர்கள் இருந்தார்கள். திண்ணைப் பள்ளியின் குற்றம் மனப்பாடம் அல்ல. எங்கள் பாட்டிமாரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியதுதான் குற்றம்.

கப்பலேறிய சட்டாம்பிள்ளை

இந்தச் சட்டாம்பிள்ளை முறைக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு நடந்த விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி மேற்பார்த்துவந்தார். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797-ல் லண்டனில் ஒரு சிறு புத்தகமாகவும் போட்டார். "மதராஸ் முறை" என்றே இங்கிலாந்தில் அதற்குப் பெயர் நிலைத்தது. ஒரே வாத்தியாரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம் என்றால் எந்த முதலாளிக்குக் கசக்கும்? இயந்திர ஆலைகள் முளைத்த இங்கிலாந்து நகரங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த மலிவுப் பள்ளிகள் எழும்பின. நம் திண்ணையிலிருந்து போனது, மான்செஸ்டர் பஞ்சாலைத் தொழிலாளியின் பிள்ளைக்குச் சிக்கனப் படிப்பாக மாறியது.

அந்த ஆலைகளில்தான் "அரை நாள்" பிறந்தது. 1833-ம் வருஷத்து இங்கிலீஷ் பாக்டரிச் சட்டம், 9 முதல் 13 வயசுவரை பஞ்சாலையில் வேலை செய்யும் பிள்ளைக்குத் தினம் இரண்டு மணி நேரம் படிப்பு வேண்டும் என்றது. 1844-ம் வருஷச் சட்டம் அதை அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி என்று ஆக்கியது. காலையில் இழை ஒட்டிக் களைத்த குழந்தை மத்தியானம் பள்ளிப் பலகையில் தூங்கி விழுந்தது. அந்த ஏற்பாட்டைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்க 1918-ம் வருஷக் கல்விச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு!

அதே காலத்திலேயே மாற்று வழி காட்டியவரும் ஒருவர் இருந்தார். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை நடத்திய ராபர்ட் ஓவன். பத்து வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஆலைக்குள் விடாமல், 1816-ல் ஆலைக்குப் பக்கத்திலேயே பள்ளியைத் திறந்தார். பிரம்பு கிடையாது, பாட்டு, ஆட்டம், படங்கள், பூகோளம். அந்த ஆலை லாபத்திலும் நடந்தது. "பிள்ளை படித்தால் ஆலை நஷ்டப்படும்" என்று அழுத மற்ற முதலாளிகள் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

கோவைக்குத் திரும்புவோம். இங்கே முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் வரிசையாக எழுந்தன. பிள்ளைகளைப் பற்றிச் சட்டம் என்ன சொன்னது? 1881-ம் வருஷச் சட்டம் ஏழு வயசுப் பிள்ளையை ஆலைக்குள் விட்டது. 1891-ல் அதை ஒன்பது ஆக்கினார்கள். 1922-ல் பன்னிரண்டு. 1948-ல்தான் பதினாலு. ஒவ்வொரு வயசும் தொழிலாளர் போராட்டத்தின், பொதுமக்கள் கிளர்ச்சியின் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டியது. எந்த முதலாளியும் தானாக வந்து "இந்தக் குழந்தை வீட்டுக்குப் போகட்டும்" என்று சொன்னதில்லை.

கைத்தொழிலா, குலத்தொழிலா?

1937-ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கைத்தொழிலை நடுவில் வைத்து, அதன் வழியாகவே கணக்கும் பூகோளமும் மொழியும் சொல்லித்தர வேண்டும் என்பது அதன் சாரம். நம் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயம் அந்த வழியில் ஊக்கமாக உழைத்தது. அதை 1930-ல் தொடங்கிய தி. சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை ராஜதானியின் கல்வி மந்திரியாகவும் இருந்தார். அங்கே ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன், பிறகு தமிழில் கலைக்களஞ்சியம் கொண்டுவந்த குழுவுக்கே தலைமை ஆசிரியரானார். இந்த உழைப்பைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. கை வேலையை இழிவாக நினைத்த நாட்டில், எல்லாப் பிள்ளையும் கை வேலை செய்யட்டும் என்றது பெரிய விஷயம்.

ஆனால் ஒரு சங்கடத்தை மறைக்க முடியாது. ஆயிரக்கணக்கில் கதிர் சுழலும் ஆலை நகரத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகள் தக்ளியில் நூல் நூற்றார்கள். அப்பன் ரிங் பிரேமில், மகன் தக்ளியில்! அப்பன் ஓட்டுகிற இயந்திரம் எப்படி ஓடுகிறது, மின்சாரம் எப்படி வருகிறது, ஒரு கிலோ நூலுக்கு ஆலைக்கு என்ன கிடைக்கிறது, அதில் அப்பனுக்கு என்ன வருகிறது என்பதல்லவா கோவைப் பிள்ளைக்கு ஆதாரக் கல்வி? இன்னொன்றும் நடந்தது. வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தக்ளியை ஏழைக்கு விட்டார்கள். எல்லாருக்கும் என்று வந்தது கடைசியில் ஏழைக்கு மட்டும் என்று நின்றது. சீர்திருத்தம் எதுவானாலும் இந்த இடத்தில்தான் நாம் கண் வைக்க வேண்டும்.

பிறகு 1953 வந்தது.

முதல் மந்திரி ராஜாஜி கிராமப் பள்ளிகளுக்கு ஒரு புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து இரண்டு வேளை. மீதி நேரத்தில் பிள்ளை வீட்டிலே இருந்து தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். தகப்பனுக்குத் தனியாகத் தொழில் இல்லையென்றால் வேறு தொழிலாளியிடமோ குடியானவரிடமோ விடலாம். பட்டணத்துப் பிள்ளைக்கு முழு நாள், பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு அரை நாள். இங்கிலாந்து 1918-ல் குப்பையில் போட்ட அரை நாள், 35 வருஷம் கழித்து நம் கிராமாந்திரத்துக்கு வந்தது! "குலக்கல்வித் திட்டம்" என்று எதிர்த்தவர்கள் வைத்த பெயர் ஜனங்கள் வாயில் நிலைத்துவிட்டது. பொருத்தமான பெயர்தான்.

ராஜாஜி தரப்புக் காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். பதினாலு வயசு வரை எல்லாப் பிள்ளைக்கும் பத்து வருஷத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி என்று 1950-ம் வருஷ அரசியல் சட்டம் சொன்னது. கட்டிடம் இல்லை, வாத்தியார் இல்லை, பணம் இல்லை. இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே கட்டிடத்தில், அதே வாத்தியாரிடம், இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம். மதராஸ் முறையைக் கண்டு மான்செஸ்டர் மகிழ்ந்த அதே சிக்கனக் கணக்கு. 1951-ல் இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். ஆகவே பிரச்னை பொய்யல்ல. பணம் இல்லாதபோது யாருடைய நேரத்தை வெட்டுவது என்பதுதான் கேள்வி. வெட்டு விழுந்தது எங்கே என்று பார்த்தோமல்லவா?

இந்தத் திட்டத்தை நம் ஜில்லாவில் வைத்துப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். ஆலையில் வேலை செய்தவர்களில் எத்தனையோ பேர் சுற்றுக் கிராமங்களில் குடியிருந்தார்கள். அப்பன் மூன்றாம் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறான். மகன் மத்தியானம் வீட்டுக்கு வந்து "அப்பா, தொழில் சொல்லிக்கொடு" என்கிறான். ரிங் பிரேமை வீட்டுக்கா தூக்கி வர முடியும்? பையனை ஆலைக்கு அழைத்துப் போகலாமென்றால், 1948-ம் வருஷச் சட்டப்படி பதினாலு வயசு ஆகாதவன் கேட்டைத் தாண்டக் கூடாது. ஒரு சர்க்கார் கற்கச் சொன்ன தொழிலை இன்னொரு சர்க்கார் சட்டம் தடுக்கிறது!

தோட்டத்தில் பண்ணையம் இருந்தவன் நிலைமை இதைவிட மோசம். அவன் குலத்தொழில் என்ன? மண் அவனுடையதல்ல, மாடு அவனுடையதல்ல, ஏற்றச் சாலும் அவனுடையதல்ல. அவன் மகனை அரை நாள் முன்னதாகப் பள்ளியிலிருந்து அனுப்பினால், அவன் எங்கே போவான்? பட்டியில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போவான். "ஏனுங்க, பையன் சும்மாதானே இருக்கறான், ரண்டு ஆட்டைப் பாத்துக்கட்டுமே" என்று கேட்க ஆள் காத்திருந்தது. ஆட்டுக்குப் பின்னால் நடந்தே பிள்ளைப் பருவம் கழிந்த அருந்ததியர் சிறுவர்களின் வாழ்க்கையைப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி' நாவலில் எழுதியிருக்கிறார். அதைத் "தொழில் கல்வி" என்று எவரும் சொல்லத் துணிவாரா?

நாடு கொதித்தது. பெரியாரின் திராவிடர் கழகம், தி.மு.க., கம்யூனிஸ்டுகள் எல்லாரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. 1953 ஜூலை 29-ந் தேதி சட்டசபையில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 138, எதிர்ப்பும் 138. சபாநாயகர் தம் ஓட்டை எதிர்ப்பக்கம் போட, தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர்களிடம் அனுப்ப வேண்டுமென்ற தீர்மானமோ 139-க்கு 137 என்று ஜெயித்தது. நிபுணர் கமிட்டியாகப் பருலேகர் கமிட்டி உட்கார்ந்தது. திட்டம் நல்லது, பட்டணத்துக்கும் நீட்டலாம் என்று அறிக்கை கொடுத்தது! நிபுணர்களுக்கும் ஜனங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக அளக்க முடியாது.

1954 மார்ச்சில் ராஜாஜி விலகினார். ஏப்ரலில் காமராஜ் முதல் மந்திரியானார். மே 18-ந் தேதி திட்டம் வாபஸ். வாபஸை அறிவித்த கல்வி மந்திரி சி. சுப்பிரமணியம் நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அதற்குமுன் ராஜாஜி மந்திரிசபையிலும் அவர் இருந்தவர்தான். ஜனங்களின் குரல் ஓங்கினால் மந்திரி அதே ஆளாக இருந்தாலும் உத்தரவு மாறும்.

1956-ல் மத்தியானச் சோறு வந்தது. கல்வி அதிகாரி நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஜனங்கள் பெஞ்சும் மேஜையும் கரும்பலகையும் கொடுத்தார்கள். படிப்பு முறையில் பெரிய மாறுதல் எதுவும் அன்று நடந்துவிடவில்லை. அதே வாத்தியார், அதே வாய்ப்பாடு, பல ஊர்களில் அதே பிரம்பு. ஆனால் பள்ளி முழு நாள் நடந்தது, வயிற்றில் சோறு இருந்தது, வளவுப் பிள்ளை உள்ளே வந்தது. 2011-ம் வருஷக் கணக்கில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு எண்பது பேர். முறையைப் பற்றிச் சண்டை போடும் பண்டிதர்கள் இந்தச் சோற்றுப் பானையைச் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். 2022-ல் மதுரையில் தொடங்கி, மறு வருஷம் எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் போன காலைச் சிற்றுண்டியும் இதே கணக்கில் சேர்ந்தது. ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிற தாய்க்கு அதன் அருமை தெரியும்.

இன்றைய அரை நாள்

இதெல்லாம் பழங்கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். பழங்கதையாகவே இருந்திருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம்.

2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினாலு வயசுக்குக் கீழ் எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஒரு கையால் கொடுத்தார்கள். பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலில் உதவலாம். ஆபத்தான தொழிலாக மட்டும் இருக்கக் கூடாது என்று இன்னொரு கையால் எடுத்தார்கள். திருப்பூர்ப் பக்கம் வந்து பாருங்கள். பனியனுக்குப் பிசிறு வெட்டுவது, காஜா, பட்டன் என்று எத்தனையோ வேலை வீட்டுக்கு வந்து சேர்கிறது. வேலை முதலாளியுடையது, துணி முதலாளியுடையது, லாபம் முதலாளியுடையது. வீடு மட்டும் நம்முடையது. அந்த வீட்டில் நாலாம் வகுப்புக் குழந்தை ராத்திரி பத்து மணிக்குப் பிசிறு வெட்டினால் அது "குடும்பத்துக்கு உதவி." எந்த இன்ஸ்பெக்டர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?

2020-ம் வருஷ தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து தொழில் கல்வி என்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர் ஆகியோரிடம் பத்து நாள், புத்தகப் பையில்லாமல் பழகலாம் என்கிறது. பத்து நாள் தச்சரிடம் உட்கார்வதில் என்ன பாவம் என்று நல்ல மனசோடு கேட்கிறவர்களும் உண்டு. பாவம் இல்லை, எல்லாப் பிள்ளையும் உட்கார்ந்தால். ஆலை அதிபரின் பேரன் பத்து நாள் குயவரிடம் மண் பிசையட்டும். குயவர் பேரன் பத்து நாள் கம்ப்யூட்டர் லேத்தில் நிற்கட்டும். அப்படி நடக்கும் என்று உறுதி கொடுப்பார்களா? 2023-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் பதினெட்டுத் தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் தருவது. பள்ளிப் பிள்ளைகளுக்கானது அல்ல. பதினெட்டு வயசு ஆனவர்களுக்கு. ஆனாலும் பரம்பரையாகச் செய்துவந்த குடும்பம் என்ற வாடை அதிலும் அடித்தது. 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் அதை அப்படியே ஏற்க மறுத்து, மறு வருஷம் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத கைவினைத் திட்டம் ஒன்றைத் தானே தொடங்கியது. சரியான முடிவு. மத்திய சர்க்காரின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடாததற்காக, 2024-25-க்குப் பள்ளிகளுக்கு வர வேண்டிய ரூ. 2,152 கோடியை டில்லி நிறுத்திவைத்தது. கொள்கைச் சண்டைக்குக் குழந்தைகளின் பணத்தைப் பணயம் வைப்பது என்ன நியாயம்?

"கார்ல் மார்க்சே பிள்ளைகள் படிப்போடு வேலையும் செய்யலாம் என்றாரே" என்று ஒரு தோழர் கேட்டார். வாஸ்தவம். 1866-ல் அகிலத்தின் ஜெனீவா காங்கிரசுக்கு எழுதியபோது, ஒன்பது வயசிலிருந்து பன்னிரண்டு வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று எல்லை வைத்தாரே தவிர, வேலையே கூடாது என்று எழுதவில்லை. பத்து மணி நேரம் குழந்தைகளைப் பிழிந்த ஆலைகளின் காலம் அது. ஆனால் அதே இடத்தில், எல்லா உற்பத்தி முறைகளின் பொதுவான விதிகளையும், அடிப்படைக் கருவிகளைக் கையாளும் பழக்கத்தையும் பிள்ளைக்குத் தர வேண்டும் என்றார். செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்கட்டும் என்பதற்கு நேர் விரோதமான பேச்சு அது. சோவியத் நாட்டிலும் இது சுளுவாக நடக்கவில்லை. 1958-ல் உயர் வகுப்புப் பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் சட்டம் போட்டார்கள். 1964-லேயே பின்வாங்கத் தொடங்கினார்கள். பட்டறைக்கு வந்த பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவது என்று பட்டறைக்கே தெரியாவிட்டால் இப்படித்தான் ஆகும். ஆகவே நம் பக்கத்து முழக்கங்களையும் சோதித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

மனப்பாட விஷயத்துக்கு வருவோம். திண்ணைப் பள்ளி செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைப் பார்த்தால் போதும். விடியுமுன் எழுப்புதல், நெட்டுரு, முறைசொல்லல். சட்டாம்பிள்ளைக்குப் பதில் வார்டன். வாவுக்காசு மட்டும் லட்சக் கணக்கில் ஏறிவிட்டது. கோழிப்பண்ணை ஜில்லாவில் முளைத்ததால் ஜனங்களே "பிராய்லர் பள்ளி" என்று பெயர் வைத்தார்கள். அதைவிடப் பொருத்தமான பெயர் நமக்குத் தோன்றவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்தது பல பள்ளிகளின் வித்தை. அதைத் தடுக்க 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுப் பரீட்சை வைத்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அதை எடுத்தும் விட்டார்கள். ஓவர்டைம் பார்த்து, நகையை அடகு வைத்து இந்தப் பண்ணைகளுக்குப் பணம் கட்டிய நம் தொழிலாளர்கள் எத்தனை பேர்! அவர்களைக் கேலி செய்ய மாட்டோம். மகளை எப்படியாவது கரையேற்ற வேண்டும் என்ற தவிப்பு அது.

இதற்கு நேர் எதிரே, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுவதும் போனது செயல்வழிக் கற்றல். அட்டைகள், ஏணிப்படி, வாத்தியாரும் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார், கரும்பலகை குழந்தைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. வாத்தியார் தரையில் உட்கார்ந்ததே நம் நாட்டில் சிறிய புரட்சி. ஆனால் இரண்டு வாத்தியார் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளியில் எந்த அட்டை என்ன செய்யும்? கடைசியில் பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தருகிறான். ஆண்ட்ரூ பெல் சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறார். 2022-ல் அதன் இடத்தில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பெயர் மாறும், அட்டை மாறும். வாத்தியார் எண்ணிக்கையைக் கேட்டால் மட்டும் பதில் தாமதமாகும்.

இன்று கோவை, திருப்பூர் ஆலைகளிலும் கம்பெனிகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் நம் சர்க்கார் பள்ளியில் தமிழ் எழுதப் பழகுகிறார்கள்; இன்னும் பலர் தகரக் கொட்டகை வாசலில் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். 1822-ம் வருஷக் கணக்கில் "மற்ற எல்லா ஜாதியும்" என்று ஒரு கட்டம் இருந்ததே, இன்றைக்கு அந்தக் கட்டத்தில் நிற்பவர்கள் இவர்கள்தான். நம் தெருவில் அப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் கையைப் பிடித்துப் பள்ளியில் விடுவது நம் வேலை. அவள் அப்பன் நம்மோடு அதே ஷிப்டில் நிற்பவன்.

செய்ய வேண்டிய காரியம் ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எத்தனை வாத்தியார் குறைவு, எந்தப் பிள்ளை இரண்டு மாதமாக வரவில்லை, சோறு எப்படி, கக்கூசில் தண்ணீர் உண்டா என்று கேட்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அங்கே நம் பெண்கள் போய் உட்கார வேண்டும். ஆனால் கூட்டம் பகலில் நடக்கிறது. போனால் அரை நாள் கூலி போய்விடும் என்கிறார்கள். உண்மைதான். எந்தத் தாய்க்கும் அந்த அரை நாள் சும்மா வராது. ஆகவே அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில், போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் பக்கத்தில், பள்ளிக் குழுவில் இருக்கும் தொழிலாளிக்குக் கூட்ட நாளில் சம்பளத்தோடு அரை நாள் என்று ஒரு கோரிக்கையைச் சங்கங்கள் எழுதட்டும். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதே அரை நாளைப் பஞ்சாயத்திடம் கேட்போம்.